பிழைக்கு ஒதுக்கிய பெட்ரோல்

1927 மே 21ஆம் தேதி இரவு பாரீஸின் லெ பூர்ஜே விமானத் திடலில் சார்லஸ் லிண்ட்பர்க் தரையிறங்கியபோது, அவருடைய விமானத்தின் தொட்டிகளில் ஏறக்குறைய 320 லிட்டர் பெட்ரோல் மிச்சமிருந்தது. நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியாக 33 மணி 30 நிமிடம் பறந்து 5,800 கிலோமீட்டர் கடந்து வந்த 25 வயது இளைஞர் அவர். அவரது துணிச்சலைப் பற்றியும், தூக்கமில்லாத இரவைப் பற்றியும், வரவேற்கத் திரண்ட கூட்டத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த 320 லிட்டரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வழியெல்லாம் அவர் செலவழித்தது சராசரியாக மணிக்கு 41 லிட்டர். அந்தக் கணக்கில், பாரீஸைத் தாண்டியும் ஏறக்குறைய 8 மணி நேரம் பறக்கப் போதுமான பெட்ரோல் மிஞ்சியிருந்தது. இது தற்செயலாக மிஞ்சியதல்ல, காற்று ஏமாற்றினால், வழி தவறினால், விடியும்வரை வானிலேயே சுற்ற நேர்ந்தால் செலவழிக்கவென்று புறப்படும் முன்பே ஒதுக்கி வைத்தது. சிறிய விமானத்தில் கடல் தாண்டத் திட்டமிடுபவருக்கு, சேருவது எப்படி என்ற கணக்கு பாதி வேலைதான். எங்கெங்கே எவ்வளவு தப்பும் என்று முன்கூட்டியே அளந்து, அந்தத் தப்புக்கு உரிய எரிபொருளையும் நேரத்தையும் தனியே எடுத்து வைப்பது மீதிப் பாதி. கடல் தாண்டிய விமானங்களின் வரலாற்றைப் பார்த்தால், பிழைத்தவர்களையும் மறைந்தவர்களையும் பெரும்பாலும் பிரித்தது இந்த இரண்டாம் பாதிதான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒதுக்கி வைப்பது சுலபமாக இருந்தால் எல்லோரும் செய்திருப்பார்கள். தடையாக நிற்பது எடை. நெடுவழி நடப்பவன் தன் கட்டுச்சோற்றைத் தானே சுமக்க வேண்டும். சோறு கூடக் கூட நடை தளரும், நடை தளரத் தளர இன்னும் அதிகச் சோறு வேண்டும். விமானத்துக்கும் அதே கதி. பெட்ரோல் இல்லாமல் 1,000 கிலோ எடையுள்ள ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 500 கிலோ பெட்ரோல் அதை 100 பங்கு தூரம் கொண்டுசெல்கிறது என்றால், அடுத்து ஏற்றும் 500 கிலோ 71 பங்கு தூரத்தைத்தான் கூட்டும். அதற்கும் மேல் ஏற்றும் 500 கிலோ 55 பங்கைத்தான் கூட்டும். முழு எடைக்கும் வெற்று எடைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தே தூரம் வளர்கிறது என்பதால் வரும் விளைவு இது. பெட்ரோலின் ஒரு பகுதி மற்றப் பெட்ரோலைச் சுமப்பதற்கே எரிந்துபோகிறது. அதனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடுதலாக ஊற்றிக்கொண்டே போக முடியாது. எடை கூடினால் ஓடுதளத்தில் ஓட வேண்டிய தூரம் கூடும், மேலேறுவது மந்தமாகும், இறக்கைகளும் சக்கரங்களும் தாங்கும் எல்லை நெருங்கும். 1926 செப்டம்பரில் ரெனே ஃபோங்க் என்ற பிரெஞ்சுப் போர்வீரரின் மூன்று எஞ்சின் விமானம் பாரீஸுக்குப் புறப்பட முயன்று, நியூயார்க் ஓடுதளத்திலிருந்து எழும்பக்கூட முடியாமல் தீப்பற்றியது. இருவர் மாண்டனர். அந்த விமானத்தைக் கொன்றது கடலல்ல, அளவுக்கு மீறிய சுமை.

லிண்ட்பர்க்கின் விமானத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் ஒவ்வோர் அங்கமும் பேசும். சான் டியேகோவில் ரயான் நிறுவனத்தில் டொனால்ட் ஹால் வடிவமைத்த அந்த விமானத்தின் வெற்று எடை ஏறக்குறைய 975 கிலோ. புறப்படும்போது பெட்ரோல் மட்டும் 1,700 லிட்டர், அதாவது ஏறக்குறைய 1,250 கிலோ. மொத்த எடையில் பாதிக்கு மேல். அந்தப் பெட்ரோலுக்கு இடமும் எடையும் கொடுக்க லிண்ட்பர்க் மற்றதையெல்லாம் கழித்தார். ரேடியோ வேண்டாம், பாராசூட் வேண்டாம், துணை விமானி வேண்டாம், உட்கார ஒரு பிரம்பு நாற்காலி போதும். வரைபடங்களில் தேவையில்லாத ஓரங்களைக்கூடக் கத்தரித்துவிட்டார். தொட்டிகளில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுமானிகூடக் கிடையாது. எந்தத் தொட்டியிலிருந்து எத்தனை மணி நேரம் எரித்தார் என்பதைக் கருவிப் பலகையில் பென்சிலால் கோடு கிழித்துக் கணக்கு வைத்தார். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் அதே பழைய முறை. பெரிய தொட்டியைத் தனக்கும் எஞ்சினுக்கும் இடையே வைக்கச் சொன்னார், விபத்து நேர்ந்தால் எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவே தான் நசுங்காமல் இருக்க. அதற்குக் கொடுத்த விலை, முன்பக்கம் கண்ணாடியே இல்லை. ஒரு சிறிய பெரிஸ்கோப் வழியாகவோ, பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டியோதான் முன்னே பார்க்க முடியும். இதையெல்லாம் துறவு என்றோ வெறி என்றோ பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு இது மிக நிதானமான வியாபாரமாகத் தெரிகிறது. ஒவ்வொரு கிலோவையும் விற்று அதற்குப் பதிலாக நேரத்தை வாங்கியிருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வழி கண்டுபிடிக்கும் கருவியையே விட்டுவிட்டு வெறும் பெட்ரோலை ஏற்றுவது முட்டாள்தனம் இல்லையா? அவரிடம் செக்ஸ்டன்ட் இல்லை, சூரியனையோ நட்சத்திரத்தையோ அளந்து இடம் காண வழியில்லை. திசைகாட்டி, கடிகாரம், வேகமானி ஆகிய மூன்றையும் வைத்து, ‘இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நேரம்’ என்று மனக்கணக்காகவே போனார். பூமி உருண்டை என்பதால் குறுக்குவழி ஒரு வளைவான பெருவட்டம். அதை நூறு நூறு மைல் துண்டுகளாக உடைத்து, துண்டுக்கொரு திசையை முன்பே குறித்து வைத்திருந்தார். விமானிகளுக்குப் பழக்கமான ஒரு வாய்ப்பாடு உண்டு. திசையில் 1 டிகிரி தவறினால் 60 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் விலகுவோம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் மீது பக்கவாட்டில் 20 கிலோமீட்டர் காற்று அடித்தால், திசை 7 டிகிரி தள்ளிப்போகும். நியூஃபவுண்ட்லாந்தை விட்டு அயர்லாந்தைத் தொடுவதற்குள் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். அந்தக் காற்றை வழிநெடுகக் கவனிக்காமல் விட்டால் விலகல் 350 கிலோமீட்டரைத் தாண்டும். உண்மையில் லிண்ட்பர்க் அயர்லாந்தின் டிங்கிள் விரிகுடாவை, குறித்த கோட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தொட்டார். அதில் திறமை உண்டு. காற்று இப்படியும் அப்படியும் மாறித் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அவருடைய திட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் தேவையே இல்லை. 350 கிலோமீட்டர் வடக்கே போயிருந்தால் ஸ்காட்லாந்துப் பக்கம், தெற்கே போயிருந்தால் பிரான்ஸின் மேற்குக் கரை. எதிரே இருந்தது ஒரு கண்டம். இலக்கு அவ்வளவு அகலமாக இருக்கும்போது, துல்லியத்தை வாங்குவதைவிட நேரத்தை வாங்குவதே புத்திசாலித்தனம். கரையைத் தொட்டபின் எங்கே இருக்கிறோம் என்று அடையாளம் கண்டு திருத்திக்கொள்ள அந்த 8 மணி நேரம் போதும்.

அதே யோசனையை வேறு கடலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை மூன்று மாதத்துக்குள் பசிபிக் காட்டியது. 1927 ஆகஸ்ட் 16 அன்று, அன்னாசிப்பழத் தொழிலதிபர் ஜேம்ஸ் டோல் அறிவித்த பரிசுக்காக கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ஹவாய்க்கு ஒரு விமானப் போட்டி நடந்தது. ஹவாய் சேர்ந்தவை இரண்டே விமானங்கள். இரண்டு கடலில் மறைந்தன; அவற்றைத் தேடப் போன மூன்றாவதும் திரும்பவில்லை. முன்னோட்டத்தில் நொறுங்கியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 10 உயிர்கள். முதலில் சேர்ந்த விமானத்தில் செக்ஸ்டன்ட் பிடிக்கத் தெரிந்த ஒரு கடற்படை அதிகாரி இருந்தார், ரேடியோவும் இருந்தது. இரண்டாவதாகச் சேர்ந்தவர்கள் தீவுகளைத் தவறவிட்டு, வடக்கே நடுக்கடலில் வட்டமிட்டுக்கொண்டே நண்பகல் வரை காத்திருந்து, உச்சிச் சூரியனை அளந்து அட்சரேகையைப் பிடித்த பிறகே தெற்கே திரும்பி ஹொனலூலு சேர்ந்தார்கள். இறங்கும்போது தொட்டியில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம். ஓக்லண்டிலிருந்து ஹொனலூலுவுக்கு ஏறக்குறைய 3,850 கிலோமீட்டர். 1 டிகிரி தவறினாலே 64 கிலோமீட்டர் விலகிப்போகும். ஹவாய்த் தீவுக்கூட்டத்துக்குப் பின்னால் எட்டும் தூரத்தில் கண்டம் எதுவும் இல்லை. இலக்கு சுருங்கும்போது தவறுக்கு ஒதுக்க வேண்டிய கட்டணம் பெட்ரோலிலிருந்து துல்லியத்துக்கு மாறுகிறது.

இன்னும் சுருங்கிய இலக்கு ஹவுலண்ட் தீவு. நீளம் இரண்டரை கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, உயரம் சில மீட்டர். 1937 ஜூலை 2ஆம் தேதி நியூகினியின் லே நகரிலிருந்து அமேலியா இயர்ஹார்ட்டும் வழிகாட்டி ஃப்ரெட் நூனனும் அதை நோக்கிப் புறப்பட்டார்கள். தூரம் 4,100 கிலோமீட்டர். நூனன் கைதேர்ந்தவர், சூரியனையும் நட்சத்திரங்களையும் அளப்பதில் அன்றைக்கு அமெரிக்காவில் அவருக்கு நிகரானவர்கள் சிலரே. ஆனால் சிறந்த அளவீட்டிலும் பல கிலோமீட்டர் பிழை இருக்கும், அந்தத் தீவின் அகலமோ அந்தப் பிழையைவிடச் சிறியது. கடைசித் தூரத்தை ரேடியோ திசைகாட்டியால் கடப்பது என்பது ஏற்பாடு. தீவருகே நின்ற இடாஸ்கா என்ற கடலோரக் காவல் கப்பலுக்கு இயர்ஹார்ட்டின் குரல் பலமாகவே கேட்டது; கப்பலின் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. புறப்பட்டு 20 மணி நேரத்துக்குப் பின் வந்த கடைசிச் செய்தியில், 157–337 என்ற கோட்டில் வடக்கும் தெற்குமாகப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த எண்களுக்குப் பொருள் தெளிவானது. அன்று காலை சூரியன் 67 டிகிரியில் உதித்தது. அதற்குச் செங்குத்தாகப் போகும் கோடு 157–337. ‘தீவு இருக்கும் கோட்டில் நாம் இருக்கிறோம்’ என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோட்டில் தீவு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பது தெரியவில்லை. இரு பக்கமும் தேடியதாகச் சொன்னதிலிருந்து அதைத்தான் ஊகிக்க முடிகிறது.

இந்தக் கேள்விக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை கண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் அழகான பகுதி. 1931இல் ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர், மிதவைகள் பொருத்திய ஜிப்ஸி மாத் என்ற திறந்த இருக்கை விமானத்தில், நியூசிலாந்திலிருந்து டாஸ்மன் கடலைத் தனியாகக் கடந்து ஆஸ்திரேலியா போகத் திட்டமிட்டார். அவ்வளவு தூரத்துக்கு அந்த விமானம் பெட்ரோல் சுமக்காது. நடுவே நார்ஃபோக் தீவிலும் லார்ட் ஹோ தீவிலும் இறங்கியே ஆக வேண்டும். இரண்டுமே 10 கிலோமீட்டர் அளவுள்ள புள்ளிகள். ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே செக்ஸ்டன்டைத் தூக்கி, சூரியனின் உயரத்தை அளந்து, மடியில் விரித்த மடக்கை அட்டவணையில் கணக்குப் போட வேண்டும். ஒரு சூரிய அளவீடு ஒரே ஒரு கோட்டைத்தான் தரும்; அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. தீவை நேராகக் குறிவைத்துப் பறந்தால், அந்தக் கோட்டை அடையும்போது தீவு இடப்புறமா வலப்புறமா என்று தெரியாது. எனவே சிச்செஸ்டர் தீவைக் குறிவைக்கவில்லை. தன் பிழை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்று கணித்து, அதைவிட அதிகமாக வேண்டுமென்றே இடப்பக்கம் விலகிப் பறந்தார். தீவின் வழியாகப் போகும் சூரியக் கோட்டை அடைந்ததும், சந்தேகமே இல்லாமல் வலப்பக்கம் திரும்பி அந்தக் கோட்டோடு போனார். நார்ஃபோக் கண்ணில் பட்டது. லார்ட் ஹோவையும் அதே வித்தையால் பிடித்தார். அங்கே நங்கூரமிட்டிருந்தபோது புயலில் விமானம் மூழ்கி, வாரக்கணக்கில் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டு பறந்தது தனிக் கதை.

இந்த வித்தையின் வேர் பழையது. வடமீனின் உயரத்தைச் சிறு பலகையாலும் முடிச்சிட்ட கயிற்றாலும் அளந்த இந்துமாக்கடல் மாலுமிகள், போக வேண்டிய துறைமுகத்துக்கு உரிய நட்சத்திர உயரம் வரும்வரை வடக்கேயோ தெற்கேயோ போய், பிறகு அந்த அட்சரேகையிலேயே நேராக ஓடிக் கரை பிடித்தார்கள். அரபியர் கமல் என்று அழைத்த அந்தக் கருவியை நம் கரையோர மாலுமிகள் இராப்பலகை என்றார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்று: தெரியாத பிழையைத் தெரிந்த பிழையாக மாற்றுவது. சிச்செஸ்டர் கூடுதலாகப் பறந்த தூரம் அவர் கட்டிய விலை. நேர்வழியைவிட நீளமான வழி பாதுகாப்பானதாக இருக்க முடியும் என்பதைத் தூரத்தை மட்டும் பார்க்கும் திட்டம் எந்நாளும் கண்டுபிடிக்காது.

காற்றுக்கு வருவோம், ஏனென்றால் இன்றைக்கும் சிறு விமானங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் விற்பனையாளரிடம் ஒப்படைக்கும் விமானிகளின் முதல் தலைவலி அதுதான். கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் போகும் வழியில் இடையே இறங்க ஓர் அடி நிலம் கிடையாது. நாலு பேர் அமரும் ஓர் ஒற்றை எஞ்சின் செஸ்னாவின் பின் இருக்கைகளைக் கழற்றி, அங்கே கூடுதல் பெட்ரோல் தொட்டி வைத்து, அனுமதிக்கப்பட்ட உச்ச எடையைத் தாண்டிப் பறக்கத் தனி அனுமதி வாங்கிப் புறப்படுகிறார்கள். வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர், பெட்ரோல் 24 மணி நேரத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் 3,850 கிலோமீட்டரை 17 மணி 30 நிமிடத்தில் கடந்துவிடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் 20 மணி 15 நிமிடம். அது 50 கிலோமீட்டராக உயர்ந்தால் 22 மணி 40 நிமிடம். வானிலை அறிக்கை 20 கிலோமீட்டர் தவறியதில், கையிருப்பு 4 மணிக்கு நெருக்கத்திலிருந்து 1 மணி 20 நிமிடமாகக் கரைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. முதலாவது, முன்னே போவதற்கும் திரும்பி வருவதற்கும் ஒரே நேரம் பிடிக்கும் இடம். அது பாதி வழியில் இருக்கும் என்று தோன்றும். 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் போகும் வேகம் 190, திரும்பும் வேகம் 250. அந்த இடம் பாதியான 1,925 கிலோமீட்டரில் இல்லை, 2,190 கிலோமீட்டருக்கு அருகே இருக்கிறது. 2,100ஆவது கிலோமீட்டரில் எஞ்சின் தடுமாறினால், பாதியைத் தாண்டிவிட்டோம் என்று முன்னே போவது தவறு, திரும்புவதே விரைவு. இரண்டாவது, அதைத் தாண்டினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பப் பெட்ரோல் போதாது என்கிற இடம். காற்றில்லாவிட்டால் அது 2,640 கிலோமீட்டரில். 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 2,590இல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இந்த எல்லை பின்னால்தான் நகரும், ஏனென்றால் மெதுவான பக்கத்தில் செலவழிக்கும் நேரம் வேகமான பக்கத்தில் மிச்சப்படும் நேரத்தைவிட எப்போதும் அதிகம். அந்த எல்லையை ஏறக்குறைய 13 மணி 40 நிமிடத்தில் கடப்பார்கள். ஆக, திரும்புவதா வேண்டாமா என்பதற்கு அதுவரைதான் அவகாசம். அதற்குப் பிறகு வரும் ஆறரை மணி நேரத்தில் ஹவாயைத் தவிர வேறு தேர்வு இல்லை.

ஒற்றை எஞ்சினில் கடல் தாண்டுவதே பொறுப்பில்லாத செயல், இரண்டு எஞ்சின் இருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. பெரிய பயணிகள் விமானங்களுக்கு இது முழுக்கச் சரி. சிறிய, அளவுக்கு மீறிச் சுமையேற்றிய விமானத்துக்குச் சரியில்லை. எஞ்சின் இரண்டானால் எஞ்சின் பழுதாகும் வாய்ப்பும் இரு மடங்கு. முதல் பல மணி நேரம் பெட்ரோல் பாரத்தோடு இருக்கும்போது, மிஞ்சிய ஓர் எஞ்சினால் விமானத்தை உயரத்தில் பிடித்து வைக்க முடியாது. அந்த நேரங்களில் இரண்டாவது எஞ்சின் ஆபத்தைக் கூட்டுகிறது. பெட்ரோல் எரிந்து பாரம் இறங்கிய பிறகுதான் காப்பாற்றத் தொடங்குகிறது. 1935 மே மாதம் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தின் ‘சதர்ன் கிராஸ்’ என்ற மூன்று எஞ்சின் விமானம் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தபாலோடு டாஸ்மன் கடல்மேல் போய்க்கொண்டிருந்தது. நடு எஞ்சினின் புகைக்குழாயில் ஒரு துண்டு உடைந்து தெறித்து வலது எஞ்சினின் சுழலியை உடைத்தது. அந்த எஞ்சினை நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் இடது எஞ்சின் எண்ணெயைக் குடித்து வறளத் தொடங்கியது. துணை விமானி பி.ஜி. டெய்லர் கடலுக்கு மேலே, காற்றின் அறைதலில், இறக்கைக்குக் கீழிருந்த கம்பித் தாங்கியின் மேல் காலூன்றி வெளியே போய், நின்றுபோன எஞ்சினிலிருந்து எண்ணெயைத் தெர்மாஸ் குடுவையில் பிடித்து, உள்ளே ஒரு பெட்டியில் ஊற்றிச் சேர்த்து, பிறகு மறுபக்கம் போய் இடது எஞ்சினுக்கு ஊற்றினார். ஒரு முறையல்ல, ஆறு முறை. சரக்கையும் தபால் மூட்டைகளையும் கடலில் வீசியபிறகே விமானம் சிட்னிக்குத் திரும்பியது. டெய்லரின் செயலுக்கு ஈடாக விமான வரலாற்றில் அதிகம் சொல்ல முடியாது. ஆனால் மூன்று எஞ்சின்களில் ஒன்று போனதுமே அந்த நிலை வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைக்கு ஜி.பி.எஸ். இருக்கிறது, செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது, ஆட்டோபைலட் இருக்கிறது. ஹவுலண்டையே சில மீட்டர் துல்லியத்தில் காட்டிவிடும்போது பிழைக்கு ஒதுக்கும் கணக்கு பழங்கதை ஆகவில்லையா என்பது இதைவிட வலுவான மறுப்பு. வழி தவறுவது என்ற ஒரு பிழை உண்மையாகவே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதால் காற்று குறைவதில்லை, பெட்ரோல் கூடுவதும் இல்லை. 2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு சிரஸ் விமானத்தில், கூடுதல் தொட்டியிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்கு மாற்ற முடியாமல் போயிற்று. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினுக்குப் போகாது. எங்கே இருக்கிறோம் என்பது விமானிக்குத் துல்லியமாகத் தெரியும். மாவி தீவுக்கு 250 மைலுக்கு மேல் பாக்கி என்பதும் தெரியும். கடலோரக் காவல் படை அவரை அருகிலிருந்த ஒரு பயணிகள் கப்பலின் பக்கம் போகச் சொன்னது. அங்கே விமானத்தோடு இணைந்த பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கி, ரப்பர் மிதவைக்கு மாறி, கப்பலால் மீட்கப்பட்டார். அவரைக் காப்பாற்றியதில் புதிய கருவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எனினும் பாராசூட்டும் மிதவையும் ரேடியோவும், ‘சேர முடியாமல் போனால்’ என்ற கேள்விக்குப் புறப்படும் முன்பே சொல்லி வைத்த பதில்கள்தான். லிண்ட்பர்க் எடைக்காக விட்டுவிட்ட ரேடியோவையும் பாராசூட்டையும் இன்றைய விமானியால் சுமக்க முடிகிறது. ஒதுக்கும் வேலை அப்படியே இருக்கிறது, ஒதுக்கப்படும் பொருள் மாறியிருக்கிறது.

கடைசியாக, திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வானத்தில் முடிவெடுப்பது மனிதர்தானே, அனுபவமும் அதிர்ஷ்டமும் இல்லாமல் தாள் மட்டும் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. லிண்ட்பர்க்கின் திட்டத்தில் இருந்த பெரிய ஓட்டையும் இதுதான். புறப்படுவதற்கு முந்தைய இரவு அவர் தூங்கவில்லை. நடுக்கடலில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. தன்னிச்சையாக நேராகப் பறக்காத, விட்டால் சரியும் அந்த விமானத்தின் குறைபாடுதான் அவரைத் திரும்பத் திரும்ப உலுக்கி எழுப்பியது. பெட்ரோலுக்கும் காற்றுக்கும் ஒதுக்கியவர் உறக்கத்துக்கு ஒதுக்கவில்லை. ஆனால் இந்த உதாரணம் மறுப்புக்கு உதவவில்லை, எதிராகவே சாட்சி சொல்கிறது. இருபது மணி நேரம் விழித்திருந்த மூளை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லும். அதனால்தான் முடிவைத் தரையிலேயே எடுத்துத் தாளில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. 1930களில் பசிபிக் தாண்டிப் பறந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் பறக்கும் படகுகளில், கடந்த தூரத்தையும் மீதமுள்ள பெட்ரோலையும் ஒரே வரைபடத்தில் கோடாக வரைந்தார்கள். திட்டமிட்ட கோடு ஒன்று, உண்மையில் நடப்பதைக் காட்டும் கோடு ஒன்று. இரண்டாவது கோடு எல்லைக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் திரும்புவது என்று முன்பே முடிவு. இன்று தனியாகப் பறக்கும் விமானி அதையே ஒரு சிறு அட்டையில் எழுதி முழங்காலில் கட்டிக்கொள்ளலாம்: 4ஆம் மணியில் தொட்டியில் இவ்வளவு, 8ஆம் மணியில் இவ்வளவு, 13ஆம் மணியில் இதற்குக் குறைந்தால் திரும்பு. அந்த அட்டையின் முதல் வரியாகக் கூடுதல் தொட்டியின் சோதனை வர வேண்டும். கரையை விட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை மாற்றி, வால்வும் காற்றுக்குழாயும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் அது கண்ணில் பட வேண்டிய இடம் கலிஃபோர்னியாக் கரையிலிருந்து 200 கிலோமீட்டரில், 2,800ஆவது கிலோமீட்டரில் அல்ல.